ஏடு ஒன்று, தீர்ப்புப் பல!

படிப்பகத்தில் நண்பர் மூவர் கூடியிருந்தனர். ஒரே ஏடு மூவர் கையிலும் மாறி மாறி உலவி, மூவராலும் படித்து முடிக்கப்பட்டிருந்தது. தாமஸ் பெயின் தீட்டிய 'பகுத்தறிவுக் காலம்' என்பதே அந்த ஏடு.

"நெருப்பு! ஏடல்ல இது, நெருப்பு! மடமைக் காட்டில் வைத்த முதற்கொள்ளி!" என்றார் ஒருவர்.

"நெருப்பா? ஈர விறகு என்று சொல்லும்! எடுத்த எடுப்பிலேயே கடவுள் ஒருவர் உண்டு என்று ஒப்புக்கொள்கிறாரே! கோயிலை இடித்துவிட்டு, குருக்களையும் விரட்டிவிட்டு, மூலவரை மட்டும் பத்திரமாக எடுத்து மடியில் வைத்துக்கொள்பவரையா பகுத்தறிவாளர் என்பது?" என்றார் மற்றவர்.

மூன்றாமவர் சிரித்தார். "பைபிளைப் பற்றி, எங்கோ பிறந்த ஒருவர், இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பு எழுதியது. மனுவுக்கும் புராணத்துக்கும் மத்தியிலே மூச்சுத் திணறும் நமக்கு, அதனால் ஆகப் போவதென்ன?" என்று கேட்டார்.

மூவரும் நல்லவர், மூவரும் நம்மவர். ஆனால் தீர்ப்போ மூன்று! இதில் வியப்பில்லை, தோழர்களே. அச்சேறிய நாள் தொட்டு அந்த ஏடு பெற்ற தீர்ப்புகள் மூன்றல்ல, முந்நூறு. பிஷப் ஒரு தீர்ப்பு அளித்தார். நீதிபதி மற்றொரு தீர்ப்பு அளித்தார். கவிஞன் ஒரு தீர்ப்பு, நாடாண்டவர் ஒரு தீர்ப்பு, நாத்திகர் ஒரு தீர்ப்பு. அந்தத் தீர்ப்புகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஏட்டின் தன்மை விளங்குவதைக் காட்டிலும், தீர்ப்பளித்தோரின் தன்மையே நன்கு விளங்குகிறது. அதைக் காட்டிவிட்டு, நண்பர் மூவரின் வழக்குக்கு வருகிறேன்.

முதலில் ஆசிரியர் யார் என்பதை அறிவோம். அரண்மனையில் பிறந்தவரல்லர், பல்கலைக் கழகப் பட்டம் சுமந்தவருமல்லர். இங்கிலாந்தில் தெட்போர்டு எனும் சிற்றூரில், 1737-ஆம் ஆண்டு, மகளிர் அணியும் இடைக்கச்சு தைத்துப் பிழைத்த ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தாமும் அந்த ஊசியையே பிடித்தார். பிறகு ஆயத்தீர்வை அலுவலரானார்; அந்த வேலையும் நிலைக்கவில்லை. 1774-இல், பெஞ்சமின் பிராங்க்ளின் தந்த அறிமுகக் கடிதத்தை மட்டுமே செல்வமாகக் கொண்டு அமெரிக்கா சென்றார். 1776-இல் 'பொது அறிவு' என்ற சிறு வெளியீட்டை எழுதினார். அமெரிக்கா விடுதலை முழக்கமிட்டது! 1791-இலும் 1792-இலும் 'மனித உரிமைகள்' எழுதினார். இங்கிலாந்தின் அரசு அவர்மீது வழக்குத் தொடுத்து, அவர் இல்லாமலேயே குற்றவாளி என்றது. பிரெஞ்சு நாடு அழைத்து, மாமன்றத்தில் இருக்கை தந்தது. மன்னன் லூயிக்குச் சாவுத் தண்டனை என்று அம்மன்றம் கொதித்தபோது, முடியாட்சி ஒழியட்டும், மனிதனின் உயிர் போக வேண்டாம் என்று வாக்களித்தார் பெயின். விளைவு? 1793 டிசம்பர் 28-இல் கைது செய்யப்பட்டார். சிறைக்குச் செல்லும் வழியில், எழுதி முடித்த கையெழுத்துப் படியொன்றை நண்பர் ஜோயல் பார்லோவிடம் ஒப்படைத்தார். அந்தப் படிதான் 'பகுத்தறிவுக் கால'த்தின் முதற்பகுதி! 1794-இல் அது வெளிவந்தது. சிறை மீண்டபின் எழுதிய இரண்டாம் பகுதி 1795-இலும், மூன்றாம் பகுதி 1807-இலும் வெளிவந்தன.

ஏடு சொல்வது என்ன? ஒருவரிடம் ஆண்டவன் பேசினார் என்றே வைத்துக்கொள்வோம். அது அவருக்கு மட்டுமே அருள்வாக்கு. அவர் சொல்ல இரண்டாமவர் கேட்டால், இரண்டாமவர் சொல்ல மூன்றாமவர் கேட்டால், அது அருள்வாக்கன்று. வெறும் செவிவழிச் செய்தி. செவிவழிச் செய்தியை நம்பு என்று எவரும் எவரையும் கட்டாயப்படுத்த உரிமையில்லை. எத்துணை எளிய வாதம்! உழவனுக்கும் புரியும், நெசவாளிக்கும் புரியும். புரியும் என்பதுதான் தொல்லையே!

இரண்டாம் பகுதியில், பைபிளைக் கொண்டே பைபிளை விசாரிக்கிறார். மோசே எழுதியதாகக் கூறப்படும் ஐந்தாம் ஆகமத்தில், மோசே மாண்டதும் புதைக்கப்பட்டதும் வருகின்றனவே, தம் சாவையும் தம் அடக்கத்தையும் தாமே எழுதியவர் உண்டோ என்று கேட்கிறார். ஆதியாகமத்தில் 'தாண்' என்ற ஊர்ப்பெயர் வருகிறது. அந்த ஊருக்கு அப்பெயர் வந்ததோ, மோசே காலத்துக்குப் பல தலைமுறைகள் கழித்து என்று அதே பைபிளின் வேறொரு பகுதி கூறுகிறது. இது எப்படி என்கிறார். ஏசுநாதரை அவர் ஏசவில்லை. நற்பண்பாளர், ஒழுக்கம் போதித்தவர் என்றே பேசுகிறார். அவருடைய சினமெல்லாம், அவர் பெயரால் கட்டப்பட்ட கட்டுக்கதைகள் மீதும், கதையைக் காட்டிக் காணிக்கை பெறுவோர் மீதும்தான்.

இதிலே ஒரு விந்தை உண்டு. பெயின் இந்த ஏட்டை எழுதியது கடவுளை ஒழிக்கவல்ல, காப்பாற்ற! பிரான்சில் புரோகித ஆட்சி சரிந்தபோது, அதனோடு ஒழுக்கமும் கடவுள் நம்பிக்கையும் சேர்ந்து சரிந்துவிடுமோ என்று அஞ்சினார். பொய்ச் சமயத்தை நீக்கி, தாம் மெய்யென்று கருதிய ஒரே கடவுளை நிலைநிறுத்த முனைந்தார். அந்த ஏட்டுக்குத்தான் உலகம் 'நாத்திக நூல்' என்று பட்டம் சூட்டிற்று! படித்தவர் சூட்டினரா, படிக்காதவர் சூட்டினரா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனித் தீர்ப்புகளைப் பார்ப்போம்.

லாண்டாப் நகரத்துப் பிஷப் ரிச்சர்டு வாட்சன், 1796-இல் 'பைபிளுக்கு ஆதரவுரை' என்று பெயினுக்கு மறுப்பு எழுதினார். வசைமொழி இல்லாமல், கடித வடிவில், கண்ணியமாகவே எழுதினார். அது மட்டுமல்ல, ஐந்து ஆகமங்களில் சில பகுதிகளை மோசே எழுதாமல் இருந்திருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தும் பேசினார். எழுதியவர் யாராயினும் எழுதப்பட்ட செய்தி மெய்யாக இருக்கலாமே என்பது அவர் வாதம். மறுப்புரை எழுதப் புகுந்தவரே ஒரு மதிற்சுவரை இடித்துக் கொடுத்தார்!

இதே வாட்சன், இருபதாண்டுகளுக்கு முன்பு, 1776-இல், வேறொருவருக்கும் மறுப்பு எழுதியவர். அந்த வேறொருவர், ரோமப் பேரரசின் வீழ்ச்சியை எழுதிய வரலாற்றுப் பேராசான் எட்வர்டு கிப்பன். கிறித்தவம் பரவியது தெய்வத் திருவருளால் என்ற கதையைக் கிப்பன் நையாண்டி செய்திருந்தார். வாட்சன் மரியாதையாக மறுத்தார்; கிப்பன் மரியாதையாக நன்றி சொன்னார். வழக்கு உண்டா? இல்லை. சிறை உண்டா? இல்லை. கிப்பன் நாடாளுமன்றத்திலே உறுப்பினராக வீற்றிருந்தார்!

பெயினின் ஏட்டுக்கோ? அதை மலிவுப் பதிப்பாக வெளியிட்ட தாமஸ் வில்லியம்ஸ் என்ற இலண்டன் புத்தக வணிகர்மீது 1797-இல் தெய்வ நிந்தனை வழக்கு! ஓராண்டுக் கடுங்காவல்!

ஏன் இந்த வேறுபாடு? கிப்பனைவிடப் பெயின் பெரிய நாத்திகரா? இல்லவே இல்லை. பெயின் கடவுளை நம்பியவர். கருத்திலே இல்லை காரணம், விலையிலே இருக்கிறது! கிப்பனின் முதற்பகுதியின் விலை ஒரு கினி. பொன் நாணயம் வைத்திருந்தவனே வாங்க முடியும். நடையோ, கல்லூரி கண்டவனுக்கே களிப்பூட்டும் நடை. பெயினின் ஏடோ, கொல்லன் படிக்கலாம், குயவன் படிக்கலாம், படிக்கத் தெரியாதவன் பிறர் படிக்கக் கேட்கலாம். மாளிகையில் ஐயம் எழுந்தால் அது மாலை நேரப் பொழுதுபோக்கு. குடிசையில் ஐயம் எழுந்தால் அது குற்றம்!

இது என் கற்பனையல்ல, தோழர்களே. 1792-இல் 'மனித உரிமைகள்' மீது நடந்த வழக்கிலேயே அரசு வழக்கறிஞர் இதை வாய்விட்டுச் சொன்னார். முதற்பகுதியை விவரமறிந்தோர் படிப்பர் என்று விட்டுவிட்டோம். இரண்டாம் பகுதியோ எல்லார் கையிலும் திணிக்கப்படுகிறது, குழந்தைகளின் மிட்டாய்ப் பொட்டலத்துக்கும் அந்தத் தாளே சுற்றப்படுகிறது என்று முறையிட்டார்! மன்னன் மருண்டது மிட்டாய்ப் பொட்டலத்தைக் கண்டு!

அந்த 1792 வழக்கில் பெயினுக்காக வாதாடியவர் எர்ஸ்கின் என்ற புகழ்மிகு வழக்கறிஞர். வாதாடியதால், இளவரசரிடம் வகித்த பதவியையும் இழந்தவர். அதே எர்ஸ்கின், 1797-இல் வில்லியம்சைத் தண்டிக்க வேண்டும் என்று வாதாடினார். அரசியல் உரிமை வேண்டும். சமயத்தை மட்டும் தொடாதே என்பது அவர் தீர்ப்பு. வென்றார். ஆனால் பிறகு என்ன நடந்தது? வில்லியம்சின் மனைவி அழுதபடி அவர்முன் வந்தாள். அவள் வீட்டிலே அம்மை கண்ட குழந்தைகள். அங்கே வில்லியம்சின் கையிலே தைத்துக்கொண்டிருந்த தாள்கள். எதன் தாள்கள்? சமயப் பிரசாரச் சிறு வெளியீடுகளின் தாள்கள்! நாத்திக நூல் விற்றான் என்று கணவனைத் தண்டிக்கக் கேட்டார்களே, அவன் குடும்பம் பக்திநூல் தைத்துப் பசியாறிக்கொண்டிருந்தது. எர்ஸ்கின் மனம் கரைந்து, வழக்குத் தொடுத்த சமயக் காவலர் சங்கத்திடம் கருணை கேட்டார். காவலர் கருணை காட்ட மறுத்தனர். எர்ஸ்கின் அவர்கள் தந்த ஊதியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அன்பே உருவானவர் எங்கள் ஆண்டவர் என்று பேசியவர்களின் அன்பு, அம்மை கண்ட குழந்தைகளின் குடிசை வாயிலோடு நின்றுவிட்டது!

அடுத்து, ரிச்சர்டு கார்லைல். 1819-இல் பெயினின் ஏட்டை மீண்டும் அச்சிட்டதற்காக அவர்மீது வழக்கு. அவர் செய்த தந்திரத்தைக் கேளுங்கள். தற்காப்பு வாதம் என்ற பெயரில், தடைசெய்யப்பட்ட அதே ஏட்டை நீதிமன்றத்திலேயே முழுமையாகப் படித்தார்! நீதிமன்றத்தில் பேசியதை அச்சிடலாம் அல்லவா? அவருடைய மனைவி ஜேன், வழக்கின் விவரம் என்று அதை வெளியிட்டார். மூன்றாண்டுச் சிறை, 1,500 பவுன் அபராதம் என்றது தீர்ப்பு. அபராதம் கட்டாமல் ஆறாண்டுகள் சிறையிலிருந்தார். மனைவி கடையை நடத்தினார்; சிறை. தமக்கை தங்கை உறவும் தப்பவில்லை, உடன்பிறந்தாள் மேரி ஆன் கடையை நடத்தினார், சிறை. பிறகு கடைப் பணியாளர்கள், ஒருவர் பின் ஒருவராக. விற்பவர் யாரென்று தெரிந்தால்தானே பிடிப்பீர்கள் என்று, கடிகார முகம்போல் ஒரு பொறி அமைத்தார்கள். முள்ளைத் திருப்பி, வேண்டும் ஏட்டின் பெயருக்கு நேராக நிறுத்திக் காசைப் போட்டால், ஏடு வந்து விழும். விற்றவர் முகம் தெரியாது! ஏடு படிப்பது அத்துணை எளிதாகிவிட்ட நம் நாளில், இதை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

கவிஞன் ஒருவன் தீர்ப்பையும் கூறிவிடுகிறேன். வில்லியம் பிளேக், கனவிலும் நனவிலும் தேவதூதரைக் கண்டதாகச் சொன்னவர். பெயினின் வறண்ட வாதமுறை அவருக்குப் பிடிக்காது. அவர் 1798-இல் பிஷப் வாட்சனின் மறுப்புரையைக் கையில் எடுத்தார். ஓரங்களிலெல்லாம் எழுதித் தள்ளினார். பிஷப்பைவிடப் பெயினே மேலான கிறித்தவர் என்பது அவர் எழுதிய குறிப்பின் கருத்து! கொள்கையிலே மாறுபட்டவர், ஆனால் ஆளுவோர் பக்கம் நின்று பேசுகிற பக்தியைவிட, ஆளப்படுவோர் பக்கம் நின்று பேசுகிற ஐயமே மேல் என்று கண்டவர். படித்துவிட்டு மாறுபடுவது எப்படி என்பதற்கு அவர் எடுத்துக்காட்டு.

அமெரிக்கா என்ன செய்தது? தன் விடுதலைக்கு எழுதுகோல் ஏந்திய வீரனை, 1802-இல் திரும்பி வந்தபோது எப்படி வரவேற்றது? பழைய தோழர் சாமுவேல் ஆடம்ஸ், நம்பிக்கையின்மைக்கு வக்காலத்து வாங்கினீரே என்று வருந்திக் கடிதம் எழுதினார். மருத்துவர் பெஞ்சமின் ரஷ், பழைய நட்பைப் புதுப்பிக்கவே விரும்பவில்லை. 1809-இல் பெயின் மாண்டபோது, அடக்கம் செய்ய இடம் கேட்டும் குவேக்கர் சபையார் மறுத்தனர். அவருடைய பண்ணை நிலத்திலே, விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் நிற்க, புதைக்கப்பட்டார். 1888-இல், பின்னாளில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட், பெயினை அழுக்குப் பிடித்த அற்ப நாத்திகர் என்று எழுதினார். கடவுள் உண்டு என்று தொடங்கும் ஏட்டை எழுதியவர் நாத்திகராம்! ஏட்டைப் புரட்டாமலே ஏசலாம் என்பதற்கு, இதைவிடச் சான்று வேண்டுமா?

மறுபக்கமும் உண்டு. இளமையில் ஆபிரகாம் லிங்கன் பெயினைப் படித்தார், அதனால் ஈர்க்கப்பட்டார் என்று அவருடைய வழக்கறிஞர் தொழிற்கூட்டாளி ஹெர்ண்டன் எழுதியுள்ளார். நம் இயக்கத்தார் நன்கறிந்த இங்கர்சால், பெயின் சாகும்போது நடுநடுங்கி மனம் மாறினார் என்று கதை கட்டியவர்களை நோக்கி, 1877-இல், மெய்ப்பித்தால் ஆயிரம் டாலர் பொன் தருகிறேன் என்று அறைகூவினார்.

மூன்றாம் நண்பரே, இங்கேதான் உமது கேள்விக்கு வருகிறேன். இருநூறாண்டுப் பழமை, எவனோ ஒருவன், நமக்கென்ன என்றீர். இந்த ஏடு இந்தியக் கரைக்கு வந்தது உமக்குத் தெரியுமா? கல்கத்தா இந்துக் கல்லூரியில் டிரோசியோ என்ற இளம் ஆசிரியரைச் சூழ்ந்திருந்த மாணவர்கள், 1830-ஆம் ஆண்டையொட்டிய நாட்களில் இதைத் தேடித் தேடிப் படித்தனர். ஒரு ரூபாய்க்கு விற்கத் தொடங்கிய ஏடு, வேண்டுவோர் பெருகப் பெருக ஐந்து ரூபாய்வரை ஏறியது என்று, அதைக் கண்டு கவலையுற்ற பாதிரியார் அலெக்சாண்டர் டப் எழுதிவைத்திருக்கிறார். பைபிளை விசாரிக்கும் ஏட்டை அந்த மாணவர் எதற்காகப் படித்தனர்? பைபிளை மறுக்கவா? தங்கள் வீட்டுச் சாத்திரத்தை விசாரிக்க! அளவுகோல் எந்த ஊரில் செய்யப்பட்டால் என்ன? நம் வீட்டுத் துணியையும் அது அளக்கும்! டிரோசியோ 1831-இல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். சென்னையிலும், 1882-இல் தொடங்கிய 'தத்துவ விவேசினி' அதே சுதந்திரச் சிந்தனைக் குடும்பத்தின் பிள்ளைதான். 'குடி அரசு' தோன்றியது 1925-இல். 1935-இல், பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' தமிழில் வந்தபோது, மொழிபெயர்த்த ஜீவானந்தமும் வெளியிட்ட ஈ.வெ.கிருஷ்ணசாமியும் கைதாயினர். இலண்டனில் வில்லியம்சுக்கு நேர்ந்தது, ஈரோட்டுக்காரருக்கும் நேர்ந்தது!

இன்னும் ஒரு படி மேலே செல்க. சூத்திரன் வேதத்தைக் கேட்டால் அவன் காதிலே ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்ம சூத்திரம் விதித்ததே, அந்த விதிக்கும் இலண்டன் நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் உள்ள உறவைக் கண்டீரா? ஒன்று, புனித நூலை எளியவன் கேட்கக் கூடாது என்றது. மற்றொன்று, புனித நூலைப் பற்றிய ஐயத்தை எளியவன் கேட்கக் கூடாது என்றது. காது ஒன்றே, அடைக்க வந்த கைகள் இரண்டு! பிறகும் இது நமக்கு அயல்நாட்டு விவகாரமா?

இரண்டாம் நண்பரே, உமது குறை முற்றிலும் பொய்யல்ல. குறையை மறைத்துப் பாராட்டுவது பகுத்தறிவு ஆகாது, அது பக்தி. பெயினின் ஏட்டில் குறைகள் உண்டு. முதற்பகுதியை எழுதுகையில் கையில் பைபிள் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். வாதிட வேண்டிய இடங்கள் சிலவற்றில் கேலியோடு நின்றுவிடுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, வானத்தின் ஒழுங்கையும் விண்மீன்களின் இயக்கத்தையும் காட்டி, இவற்றைப் படைத்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறாரே, அந்த வாதத்தின் ஓட்டைகளை டேவிட் ஹியூம் 1779-இல் வெளிவந்த உரையாடல் நூலிலேயே காட்டிவிட்டார். 1859-இல் டார்வின் வந்து, உயிர்களின் அமைப்புக்கு வெளியிலிருந்து ஒரு சிற்பி தேவையில்லை என்று விளக்கிவிட்டார். ஆகவே பெயினின் கடவுள், பெயின் கண்ட மோசேயைப் போலவே, விசாரணைக்கு உரியவரே.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த விசாரணையை நடத்தும் திறத்தை வாசகனுக்குத் தந்தது எது? சொன்னவர் யார் என்று பாராதே, சான்று எங்கே என்று பார் என்று அந்த ஏடு கற்பித்ததல்லவா? ஆசிரியர் நின்ற இடத்தில் வாசகனும் நிற்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. அவர் கொடுத்த விளக்கைத் தூக்கிக்கொண்டு, அவர் நுழையாத அறைக்குள்ளும் நாம் நுழையலாம். முடிவைத் தருவது சாத்திரம். முறையைத் தருவது அறிவு நூல். பெயின் தந்தது முறை. நம்மவரில்லை என்று அவரைத் தள்ளிவிடுவது, படிக்கட்டு மாடியல்ல என்று படிக்கட்டை உடைப்பதற்கு ஒப்பாகும்.

முதல் நண்பரே, உம்மிடந்தான் எனக்கு அச்சம் அதிகம்! நெருப்பு என்றீர், மகிழ்ச்சி. எந்தப் பக்கம் உம்மைச் சுட்டது? எந்த வாதம் உம்மை உறங்கவிடாமல் செய்தது? எந்த இடத்தில், இது தவறு என்று ஓரத்தில் குறித்தீர்? விடையில்லையானால், நீர் அந்த ஏட்டைப் படிக்கவில்லை, கும்பிட்டீர். ரூஸ்வெல்ட் படிக்காமல் ஏசினார். நீர் படிக்காமல் ஏற்றினீர். இரண்டுக்கும் என்ன வேறுபாடு? நம்மவர் எழுதிய ஏடுகளையும் பட்டுத் துணியில் பொதிந்து, ஆண்டுக்கொரு நாள் மாலை சூட்டி, பெட்டியில் பூட்டிவைக்கும் பழக்கம் வந்துவிடுமானால், அந்த நாளே நம் தோல்வி நாள். எதிரி சிறையில் அடைத்த ஏடு வெளியே வந்துவிடும். அன்பர் பெட்டியில் அடைத்த ஏடு வெளிவருவது அரிது!

தோழர்களே! பெயினின் ஏட்டை எரித்தவர் மறைந்தனர், விற்றவரைச் சிறையிலிட்டவர் மறைந்தனர், ஏடு நிற்கிறது. அது நிற்பதற்குக் காரணம், குறையற்றது என்பதல்ல. எளியவனும் எண்ணலாம், எண்ணியதைக் கேட்கலாம் என்ற ஒரே நம்பிக்கையின்மீது எழுப்பப்பட்டது என்பதே. அந்த ஏட்டை அச்சிட்டு விற்றதற்காக ஒரு குடும்பமே சிறை புகுந்தது. அந்தக் கடனை நாம் மாலையிட்டுத் தீர்க்க முடியாது. படித்துத்தான் தீர்க்க முடியும்; படித்து, மாறுபட்டு, மாறுபட்டதை அஞ்சாமல் சொல்லித்தான் தீர்க்க முடியும்.

படிப்பகத்து நண்பர் மூவருக்கும் என் வேண்டுகோள் இதுதான்: தீர்ப்பு மூன்றாகவே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு தீர்ப்போடும், பக்கம் இது, வரி இது, காரணம் இது என்று எழுதி, அடுத்த வாரக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் அண்டை வீட்டுத் தொழிலாளி ஒருவரையும் கையோடு அழைத்து வாருங்கள். அவருக்குப் புரியும்படி உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும். பெயின் எழுதியது வீண்போகவில்லை!